முட்டுக்கட்டை போட்டவருக்கு மாலையா?

வீடு, மனை, வீதி: வாசகர் கேள்வி பதில்
(நகராட்சி நகரமைப்புப் பிரிவில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: எங்கள் நகராட்சியின் நகரமைப்பு அலுவலர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். டெல்டாவில் நாலைந்து ஊர்களில் மொத்தம் 34 வருடம் இதே வேலை. இரண்டு தவணையாக ஒன்பது வருடம் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார். நகர் நலச் சங்கம் சார்பில் ஒரு பாராட்டு விழா வைக்கலாம் என்று சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். “எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போட்ட மனுஷனுக்கு மாலையா?” என்கிறார்கள். மாடி கட்ட அனுமதி கேட்டுப் போன ஒருவரை இரண்டு வருடம் அலையவிட்டாராம். விழா வைக்கலாமா? வைத்தால் என்ன பேசுவது? ஊர் பெயர், என் பெயர் வேண்டாம்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டீச்சர், ஊர் பெயரை நீங்கள் மறைத்தாலும் ஆள் யார் என்று எனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அவரிடம் நான் இரண்டு ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். பெயரை நானும் எழுதப் போவதில்லை. ஆபீசில் நாங்கள் கூப்பிட்டபடி டி.பி.ஓ. (டவுன் பிளானிங் ஆபீசர்) சார் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித் தேர் ஓடிப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள். ஆனால் கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் தேரைத் திருப்புவது வடம் இல்லை. சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டை செருகுகிறார்களே, அந்த நாலைந்து பேர்தான். திருச்சி பெல் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் கட்டை போடும் ஆள் இல்லாமல் தேர் நகர்வதில்லை. கட்டை இல்லையென்றால் தேர் முக்கில் திரும்பாது, நேராக எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறும். உங்கள் சங்கத்துக்காரர்கள் திட்டுவதாக நினைத்துக்கொண்டு சரியான பட்டத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

தேர் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. புதிய ஊருக்கு மாற்றலாகிப் போனால் டி.பி.ஓ. சார் முதலில் பார்ப்பது தேரோடும் வீதிகளை. “மத்த தெருவை நாம அளக்கணும். இதை வருஷத்துக்கு ஒரு தடவை தேரே வந்து அளந்துட்டுப் போயிடும்” என்பார். உண்மைதான். தேர் ஓடும் வீதியில் படிக்கட்டை ஒரு அடி முன்னே இழுத்துக் கட்டியவன் அடுத்த திருவிழாவில் தானே இடித்துக்கொள்வான். நோட்டீஸ் வேண்டாம், கோர்ட் வேண்டாம். எந்த ஊரில் தேர் பல வருடம் ஓடாமல் நின்றதோ அந்த ஊர் வீதிதான் சுருங்கிப்போயிருக்கும். சந்தேகம் இருந்தால் நீங்களே நடந்து பாருங்கள்.

அவரிடம் ஒரு 30 மீட்டர் டேப் உண்டு. மஞ்சள் நிறம், தோல் உறை. முனையில் முதல் அரை மீட்டர் எப்போதோ அறுந்துபோனது. புது டேப் ஸ்டோரில் இருந்தது, வாங்கமாட்டார். ஒரு மீட்டர் என்று குறித்திருக்கும் இடத்தைச் சுவரில் வைத்துப் பிடிக்கச் சொல்வார், அளந்ததில் ஒன்றைக் கழிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழிக்க மறந்து ஒரு வீட்டின் பக்கவெளியை (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடவேண்டிய இடம்) ஒரு மீட்டர் கூடுதலாக எழுதிவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம். மறுநாள் காலை என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு டி.வி.எஸ். 50-ல் அந்த வீட்டுக்கே போய், அந்த வீட்டுக்காரரிடம் “நேத்து பையன் தப்பா எழுதிட்டான், மன்னிக்கணும்” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சரி, மேடையில் என்ன பேசுவது? பாலம் கட்டினார், கட்டடம் கட்டினார் என்று சொல்ல முடியாது. நகரமைப்புக்காரர் எதையும் கட்டுவதில்லை. கட்டவேண்டாம் என்று சொன்னதைத்தான் சொல்ல முடியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், கூடவே இருந்து பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவர் நாலு ஏக்கர் நஞ்சையை மனை போடக் கொண்டுவந்தார். அழகான பிளான், அம்மோனியா பிரிண்ட் வாசனைகூடப் போகவில்லை. நடுவில் ஒரு கோடு, ‘பாதை’ என்று எழுதியிருந்தது. புல வரைபடத்தில் அதே கோடு வாய்க்கால். டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, ஆனாலும் சென்னையில் இருந்து படிக்கிறவர்களுக்காக: இங்கே வயலுக்கு இரண்டு வாய்க்கால். மேட்டில் ஓடுவது பாசன வாய்க்கால், தண்ணீர் கொண்டுவரும். தாழ்வில் ஓடுவது வடிகால், மிஞ்சியதைக் கொண்டுபோகும். கண்ணுக்குத் தெரியும் சரிவு எதுவும் இந்த மண்ணில் கிடையாது. சாண் உயரம் எங்காவது அடைத்தால் தண்ணீர் ஒரு மைல் தள்ளிப் போய் ஒருவர் வீட்டு அடுப்படியில் நிற்கும். வயல் மனையானதும் பாசன வாய்க்காலுக்கு வேலை இல்லை, அதோடு வடிகாலையும் சேர்த்துத் தூர்த்துவிடுவார்கள். இதுதான் எல்லா ஊரிலும் நடப்பது.

ஐப்பசி மாதம், நல்ல மழை. டி.பி.ஓ. சார் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். ஒரு வாழை மட்டைத் துண்டை உடைத்து அந்த ‘பாதை’யில் போட்டார். மட்டை மெதுவாக நகர்ந்தது. அதன் கூடவே நடந்தார், நாங்கள் குடையோடு பின்னால். கருவேல முள்ளில் ஒரு இடத்தில் மட்டை சிக்கியது, எடுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து மட்டை பெரிய வடிகாலில் போய் விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரம் எழுதிக்கொண்டார். எதற்கு நேரம் என்று கேட்டேன். “யாராவது கோர்ட்ல கேப்பான்” என்றார்.

மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி கொடுப்பது நகர் ஊரமைப்புத் துறை. நகராட்சி ஆள் செய்வது ஸ்தலத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புவது. அதிகாரம் என்று சொன்னால் அவருக்கு இருந்தது அந்த ஒரு பத்திக் குறிப்புதான். வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கவேண்டும், ரோட்டை அதன் இரு கரையிலும் போடவேண்டும், ஆறு மனை குறையும் என்று எழுதினார். ஆறு மனை என்றால் சும்மாவா? ஃபைல் எட்டு மாதம் தூங்கியது. யார் யாரோ வந்தார்கள். ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார், பெட்டியை நான்தான் வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் அவர் எழுதியபடியே பிளான் மாறியது.

இன்றைக்கு அந்த நகரில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்பதில்லை. அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? “வாய்க்காலில் கொசு வருகிறது, சிலாப் போட்டு மூடுங்கள்” என்று வருடா வருடம் மனு கொடுக்கிறார்கள். எல்லா மனுவையும் வாங்கி ரசீது கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியவரும் இவர்தான்.

குறையே இல்லாத மனிதர் என்று மேடையில் பேசிவிடாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் மாடிக்காரர் கதை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருடம் என்றால் நம்புகிறேன். பிளானில் ஐந்து குறை இருந்தால் ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கமாட்டார். முதல் குறையைச் சொல்வார், திருத்திக்கொண்டு போனால் இரண்டாவதைச் சொல்வார். ஏன் சார் என்று கேட்டால் “முதல் குறையைச் சரி பண்ணா மத்தது தானா மாறிடும்” என்பார். அப்படி மாறவும் மாறாது. இன்ஜினியருக்குக் கூலி கொடுத்தவன் வயிறு எரியத்தான் செய்யும். இதில் அவருக்காக நான் வாதாட வரவில்லை.

அவரே ஒப்புக்கொள்ளும் தப்பும் ஒன்று உண்டு. வேறொரு ஊரில் கடைத்தெருவை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். வண்டி நிறுத்த இடம் போதாது என்று தெரிந்தும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலிருந்து அவசரப்படுத்தினார்கள் என்று சாதகமாகக் குறிப்பு எழுதிவிட்டார். முகூர்த்த நாளில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம் நிற்கும். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டோம். டிரைவர் மண்டபத்துக்காரனை வாயில் வந்தபடி திட்டினார். இவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, “அவனை ஏன் திட்டறான், கையெழுத்து என்னுது” என்றார்.

விழா வையுங்கள் டீச்சர். ஆனால் மண்டபத்தில் வேண்டாம். எங்கே, எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன், அதையும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

கேள்வி: நகரமைப்புப் பிரிவு என்றாலே கை நீட்டுகிற இடம். அங்கேயும் உத்தமர்கள் உண்டு என்கிறார்கள். எப்படி நம்புவது?
– வியாபாரி, மன்னார்குடி

பதில்: டி.பி.ஓ. சாரையும் நான் உத்தமர் என்று எழுதவில்லை. இனிப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் எழுதினேன், அது நான் கண்ணால் பார்த்தது. மற்றபடி நீங்கள் சொல்வது பொய் இல்லை. அதே அறையில் வேறு மேஜைகளும் இருந்தன.

கேள்வி: எங்கள் நகரின் பிளானில் ‘பூங்கா’ என்று ஒரு இடம் இருக்கிறது. இப்போது அங்கே பாதியில் ஒரு ஷெட், மீதியில் யாரோ வைக்கோல் போர் போட்டிருக்கிறார். அந்த இடம் யாருடையது?
– கூட்டுறவு வங்கி ஊழியர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் எல்லோருடையதும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கவேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் பிளானில் பச்சை அடித்திருப்பார்கள், பத்திரம் எழுதியிருக்கமாட்டார்கள். அப்புறம் மனை போட்டவரின் பிள்ளை வந்து ‘எங்கப்பா இடம்’ என்பார். பத்திரம் இருந்தால், அதன் நகலோடு ஆணையருக்கு மனு கொடுங்கள், வேலி போடச் சொல்லுங்கள். அங்கீகாரமே இல்லாத மனைப்பிரிவு என்றால் கதை வேறு. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வந்த நகர்களில் பூங்காவைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது.

டி.பி.ஓ. சார் இந்த விஷயத்தில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். தானப் பத்திரம் பதிவான அன்றைக்கே அந்த இடத்தின் நாலு மூலையிலும் நாலு புங்கங்கன்று நடச் சொல்வார். கம்பி வேலிக்கு டெண்டர் வரும் வரை கன்று மரமாகிவிடும். மரம் இருக்கும் மூலையில் ஷெட் போட ஜனங்களுக்குக் கொஞ்சம் கூச்சம்.

கேள்வி: டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிவிட்டார்களே, பிறகு எப்படி வயலில் மனை போடுகிறார்கள்?
– விவசாயி, நீடாமங்கலம்

பதில்: 2020-ல் வந்த அந்தச் சட்டம் நிறுத்தியது ஹைட்ரோகார்பன் எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுவது மாதிரியான தொழில்களை. வீட்டுமனையை அது தடுக்கவில்லை. நஞ்சையை மனையாக்க வேளாண் துறையின் கருத்து வேண்டும், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காகிதங்கள் எப்படி வருகின்றன என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

கேள்வி: இப்போது எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது. டேப் பிடித்து அளக்கும் ஆட்கள் இனித் தேவையா?
– கட்டடப் பொறியாளர், கும்பகோணம்

பதில்: நீங்கள் கேட்பது நியாயம்தான். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைதளமும் முதல் தளமும் கட்டுகிற குடும்பத்துக்குச் சுயசான்றில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நம் தலைமையாசிரியையின் மாடிக்காரர் இன்றைக்கு வந்திருந்தால் அலைந்திருக்கவே மாட்டார். நான் அதை வரவேற்கிறேன், டி.பி.ஓ. சாரும் வரவேற்கிறார். ஆனால் கணினிக்கு மனை எண் தெரியும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. வாழை மட்டையை யார் போடுவது?

கும்பகோணத்துக்காரர் கேட்டதால் இதையும் சொல்கிறேன். உங்கள் ஊர் மகாமகத்துக்கு 2004-லும் 2016-லும் அவரை மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். 1992 பிப்ரவரி 18-ல் குளக்கரையில் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதிலிருந்து எந்தக் கூட்டத்துக்கு வரைபடம் போட்டாலும் வெளியே போகிற வழியைத்தான் முதலில் சிவப்பில் வரையச் சொல்வார். உள்ளே வருகிற வழியைக் கடைசியில். அடுத்த மகாமகம் 2028-ல். அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாள்கள் யாரிடம் இருக்கின்றன என்று உங்கள் ஊரில் விசாரித்து வையுங்கள்.

2004 ஜூலை 16, உங்கள் ஊர்ப் பள்ளித் தீ விபத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 94 குழந்தைகள். அதன் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போகாமல் நேரே சமையற்கட்டுக்கும் மாடிப்படிக்கும் போவார். படியின் அகலத்தை அந்த அறுந்த டேப்பால் அளப்பார். நாங்கள் யாரும் பேசமாட்டோம்.

கேள்வி: என் மகள் நகரத் திட்டமிடல் படிக்கவேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?
– தாய், நாகப்பட்டினம்

பதில்: தாராளமாகப் படிக்கட்டும். பி.பிளான் என்ற பட்டப்படிப்பு டெல்லி, விஜயவாடா, போபால் ஊர்களில் உள்ள எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர்) கல்லூரிகளில் இருக்கிறது, ஜே.இ.இ. மெயினில் அதற்குத் தனித் தாள். சிவில் அல்லது ஆர்கிடெக்சர் முடித்துவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் சேர்கிறவர்களும் உண்டு. அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள்.

படிக்கப் போகும் முன் ஒரு நாள் தஞ்சாவூர்க் கோட்டைச் சந்துகளைச் சுற்றிக் காட்டுங்கள். 1914-ல் இந்தியா வந்த பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூரும் அதில் உண்டு. கோட்டைக்குள் வீடுகளை இடித்து நேர்கோட்டில் ரோடு போடும் யோசனையை அவர் ஏற்கவில்லை. இடிந்து கிடப்பதை மட்டும் எடு, அந்த வெற்றிடத்தில் மரம் வை, சந்துகளை அங்கங்கே கொஞ்சம் அகலமாக்கு, ஜனங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றார். டி.பி.ஓ. சார் அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

கேள்வி: எங்கள் ஊர் நகரமைப்பு அலுவலருக்கு விழா எடுப்பதாகப் பேச்சு. நினைவுப் பரிசாக என்ன கொடுக்கலாம்? தஞ்சாவூர்த் தட்டு அல்லது தலையாட்டி பொம்மை என்று இரண்டு யோசனை இருக்கிறது.
– சங்கப் பொருளாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தட்டு வேண்டாம் ஐயா. ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒன்று என்று அவர் வீட்டில் ஏற்கனவே வரிசையாக இருக்கிறது. தலையாட்டி பொம்மை கொடுத்தால் அவருக்கே சிரிப்பு வரும். 34 வருடம் தலையாட்டாமல் காலம் தள்ளியவர்.

போன வாரம் அவரிடம் போனில் பேசினேன். “விழா எல்லாம் எதுக்கு, கடைசி நாள் சாயங்காலம் ஏதாவது தாள் வராம இருந்தா அதுவே விழா” என்றார். கடைசி நாளில் சஸ்பென்ஷன் உத்தரவு வந்துவிடுமோ என்ற இந்தப் பயம் அரசு வேலையில் இருந்தவர்களுக்குப் புரியும். நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரைச் சுற்றி நடக்க மட்டும் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சரி என்றார்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இது. தேர் நிற்கும் தேர் முட்டியில் காலை ஆறரைக்கு எல்லோரும் கூடுங்கள். நாலு வீதியும் நடந்து, பெரிய வடிகால் வழியாக, புங்கமரம் நிற்கும் பூங்கா இடம் வரை. எங்கே எந்த வாய்க்கால் ரோட்டுக்கு அடியில் போகிறது, எந்த மதகு யார் வீட்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது, ஃபைலில் பாதிகூட இல்லை. புதிதாக வந்திருக்கும் ஆய்வாளரையும் சர்வேயரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். டீச்சரின் பழைய மாணவர்கள் இரண்டு பேர் கையில் டவுன் சர்வே வரைபடமும் பென்சிலும் இருக்கட்டும், அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ள. மாடிக்காரரையும் அழைத்து வாருங்கள். வழியில் அவர் கேட்கவேண்டியதை நேரில் கேட்கட்டும்.

முடிந்ததும் பூங்கா மரத்தடியில் இட்லி, காபி போதும். சால்வை வாங்கியே தீரவேண்டும் என்றால் கைத்தறித் துண்டாக வாங்குங்கள், வியர்வை துடைக்க உதவும், மனிதர் வேகமாக நடப்பார். புது டேப் ஒன்று நான் வாங்கி வைத்திருக்கிறேன். அதை அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. புது ஆய்வாளரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அந்த அறுந்த டேப்பை டி.பி.ஓ. சார் வீட்டுக்கு எடுத்துப்போக ஆணையரிடம் நான் ஏற்கனவே எழுதிக் கேட்டிருக்கிறேன். ஸ்டோர் கணக்கில் அது இன்னும் 30 மீட்டர் என்றே இருக்கிறதாம், அதனால் பதில் வரத் தாமதமாகிறது.